உள்ளகக் கன்னபினாய்டுகள்

உடலே உருவாக்கிக்கொள்ளும் கொழுப்பு மூலக்கூறுகள். கஞ்சாவின் வேதிப்பொருள்கள் பிணையும் அதே ஏற்பிகளில் (சிபி1, சிபி2) பிணைபவை. இவற்றுள் ஆனந்தமைடு 1992இலும் 2-ஏஜி 1995இலும் அறிவிக்கப்பட்டன.

மூளையில் அடிபட்டாலோ தொற்று ஏற்பட்டாலோ உயிரணுக்கள் இவற்றை அவ்விடத்திலேயே உண்டாக்குகின்றன. மூளையின் நோயெதிர்ப்பு அணுக்களான மைக்ரோகிளியாவின் சிபி2 ஏற்பிகளை இவை தூண்டும்போது, அழற்சியைப் பெருக்கும் சைட்டோகைன்கள் குறைகின்றன. சிபி1 வழியே, நரம்பணுக்களைச் சிதைக்கும் குளுட்டமேட் மிகைப்பும் தணிகிறது. 2-ஏஜி சிதையும்போது உண்டாகும் அரக்கிடோனிக் அமிலம் அழற்சிப் பொருள்களுக்கு மூலமாவதால், அச்சிதைவைத் தடுக்கும் மருந்துகள் ஆராயப்படுகின்றன. இப்பாதுகாப்புக்கான சான்றுகள் பெரும்பாலும் விலங்காய்வுகளில் கிடைத்தவை.

ஆஸ்திரேலியாவில், சிட்னி பல்கலைக்கழகத்தின் லாம்பர்ட் ஆய்வுத் திட்டம் கன்னபினாய்டு மருந்துகளை ஆராய்கிறது. பாரி, ஜாய் லாம்பர்ட் இணையர் 2015இல் வழங்கிய 3.37 கோடி ஆஸ்திரேலிய டாலர் நன்கொடையில் இது உருவானது.