தேனும் கனியும்: குண்டசாலைப் பிரதேச உற்பத்தி வரலாற்றில் தேனீக்கள்

மலைநாட்டின் பொருளாதார வரலாற்றை எழுதியோர் நிலம், உழைப்பு, மூலதனம் ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளனர். ஆயின் பூ கனியாகும் நிகழ்வைத் தானாக நடைபெறும் ஒன்றாகவே அவர்கள் கொண்டனர். தேனீ அவர்தம் எழுத்துக்களில் இடம்பெறுமாயின் தேன், மெழுகு ஆகியவற்றின் பொருட்டே இடம்பெறும். கண்டியை அடுத்துள்ள குண்டசாலைப் பிரதேசத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இப்புறக்கணிப்பு ஏன் நேர்ந்தது என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம்.

தேனீ பற்றிய இருவகை நோக்குகளைச் சங்க இலக்கியத்திலேயே காண்கின்றோம். மூங்கிற் கண்ணேணி வழியே மலையேறித் தேனைக் கொள்ளைகொள்ளும் குறவரை மலைபடுகடாம் காட்டுகின்றது. குறுங்குடி மருதனார் பாடிய அகநானூற்று நான்காம் பாடலிலோ, தாதுண்ணும் வண்டுகள் கலங்குமென அஞ்சிய தலைவன் தன் தேர்மணிகளின் நாவைக் கட்டிவிடுகின்றான். இதனைக்கொண்டு பண்டைத் தமிழர் மகரந்தச் சேர்க்கையை அறிந்திருந்தனர் என வாதிடுதல் வரலாற்று நோக்குக்கு ஒவ்வாது. பூவுக்கும் பூச்சிக்குமுள்ள உறவை ஸ்பிரெங்கல் என்ற ஜேர்மானியர் 1793இல் நூலாக விளக்கியபோது ஐரோப்பிய அறிஞரே அதனைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. டார்வினின் ஆய்வுகளுக்குப் பின்னரே அவ்விளக்கம் உரிய மதிப்பைப் பெற்றது.

கண்டி இராச்சியத்தின் தேனீக்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் சிறந்த சான்று, 1660 முதல் 1679 வரை அங்கு சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் எழுதி 1681இல் வெளியான நூலாகும். மரப்பொந்துகளில் வாழ்வது, மரக்கிளைகளில் பெருங்கூடு கட்டுவது, ஈயளவே உள்ளது என மூன்று வகைகளை அவர் வேறுபடுத்துகின்றார். தேன் எடுக்கும் முறைகளையும் விவரிக்கின்றார். வேடர் அரசனுக்குச் செலுத்திய திறைப்பொருள்களுள் தேனும் மெழுகும் அடங்கின. நிலவுடைமை அரசு தான் பெறக்கூடியதை மட்டுமே கணக்கில் வைத்தது. குண்டசாலையில் மாளிகை அமைத்து வாழ்ந்த நரேந்திரசிங்கன் (1707–1739) காலத்திலும் நிலைமை வேறாக இருந்திருக்க இயலாது. தேனைக் குடத்தில் அளக்கலாம். தேனீயால் விளைந்த பூசணியில் தேனீயின் பங்கை அளக்கும் முறை எதுவும் அன்று இருக்கவில்லை.

அப்பங்கு சிறியதன்று. கண்டிப் பிரதேசத்தின் வீட்டுத்தோட்டம் பல அடுக்குகளாக அமைந்த ஒரு சிறு வனம். அங்கு ஒவ்வொரு பயிரும் தனக்கேற்ற பூச்சியை வேண்டி நிற்கின்றது. பூசணியின் ஆண்பூவும் பெண்பூவும் வேறு வேறு. விடியலில் விரிந்து நண்பகலுக்குள் குவிந்துவிடும் அவற்றினிடையே மகரந்தத்தைக் கொண்டுசெல்லத் தேனீ வேண்டும். ஆனைக்கொய்யாவின் பூ முதலில் பெண்ணாக விரிந்து மூடி, மறுநாள் ஆணாக விரிகின்றது. மரத்துக்கு மரம் பூச்சி சென்றாலன்றிக் காய்ப்பு நன்கு அமையாது. மஞ்சட் கொடித்தோடையின் சூலகமுடி உயரத்தில் அமைந்திருத்தலால், சிறிய தேனீ அதனைத் தொடாமலே மகரந்தத்தைக் கவர்ந்து செல்லும். மரத்தைத் துளைத்து வாழும் பெரிய கருவண்டின் முதுகே அதனைத் தொடும். கத்தரிப் பூவின் மகரந்தப்பை நுனித்துளை வழியாகவே திறக்கின்றது; பூவைப் பற்றி உடலை அதிரச்செய்யும் தனித்தேனீக்களே அதனை உதிர்க்க வல்லன. பெட்டியில் வளர்க்கும் நாட்டுத் தேனீக்கு இவ்வாற்றல் இல்லை. இலங்கையில் இனங்காணப்பட்ட தேனீ வகைகள் 140க்கும் மேற்பட்டவை. தேனுக்காக நாம் நாடும் வகைகளோ நான்கே. ஏனையவை பட்டமரத்திலும் வெறுநிலத்திலும் வாழ்ந்து பெயரறியப்படாமலே பணிபுரிகின்றன.

இவ்வமைப்பைக் குலைத்தது குடியேற்றவாதப் பெருந்தோட்ட முறையாகும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவப்படாத காட்டையும் தரிசையும் முடிக்குரியனவாகக் கருத இடமளித்தது. காடழிந்து கோப்பி பரந்தது. குண்டசாலைக்கு அண்மையிலுள்ள பல்லேகலவும் கோப்பித் தோட்டமாயிற்று. கோப்பி கனிப்பயிர், பூவின்றி அதற்கு விளைவில்லை. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் அதனை வீழ்த்தியபின், தும்பறைப் பள்ளத்தாக்கில் கொக்கோவும் உயர்நிலங்களில் தேயிலையும் இடம்பிடித்தன. கொக்கோப் பூவில் மகரந்தச் சேர்க்கை செய்பவை தேனீக்கள் அல்ல; ஈரச் சருகில் வளரும் நுண்ணிய ஈக்களே. தேயிலையோ இலைப்பயிர். கொழுந்துக்காக ஓயாது கவ்வாத்துச் செய்யப்படும் செடி பூப்பது அரிது. மூலதனம் கனியிலிருந்து இலைக்கு மாறியபோது, பூ உற்பத்திக்கு வேண்டாத பொருளாயிற்று. பூச்சியும் அவ்வாறே கருதப்பட்டது.

இம்மாற்றத்தின் சுமையைச் சுமந்தவர் தமிழகத்திலிருந்து கொணரப்பட்ட தொழிலாளர். காடிழந்த மலைச்சரிவுகளில் எஞ்சிய உயர்மரங்களிலும் பாறைகளிலும் பெருந்தேனீ கூடு கட்டுகின்றது. கொழுந்து பறிக்கும் பெண்கள் அதனையும் குளவியென்றே வழங்குவர். குளவிக்கொட்டினால் அவர்கள் உயிரிழக்கும் செய்திகள் இன்றும் ஓயவில்லை. தன் வீட்டு வாசலில் நட்டு உண்ணக் கனிமரத்துக்குரிய நிலம் இல்லாதவர்க்குத் தேனீயின் கொடுக்கு மட்டுமே பங்காகக் கிடைத்தது. தேனீயால் வரும் நன்மையையும் ஆபத்தையும் யார் யார் பெறுகின்றனர் என்பதை நிலவுடைமையே தீர்மானித்துள்ளது.

இன்று கனியே சந்தைப் பண்டமாகி வருகின்றது. கலிபோர்னியாவின் வாதுமைத் தோட்டங்களுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 20 இலட்சம் தேனீப் பெட்டிகள் வாடகைக்குக் கொண்டுசெல்லப்படுகின்றன. மகரந்தச் சேர்க்கைக்கும் அங்கு விலை வந்துவிட்டது. எமது நாட்டுத் தேனீயோ சிறு இடையூறு நேரினும் பெட்டியை விட்டகலும் இயல்பினது. ஆதலின் பெட்டிகளை மட்டும் நம்பிக் கனிச்செய்கையைப் பெருக்க முயல்வது போதாது. பட்டமரத்தை அகற்றி, வேலியோரத்தைச் செதுக்கி, பூக்கும் வேளையில் நஞ்சு தெளிப்பது, காணாத தொழிலாளரை வேலைநீக்கம் செய்வதை ஒக்கும்.

தேனீயின் செயல் திட்டமிட்ட உழைப்பன்று என மார்க்ஸ் மூலதனத்தில் கட்டடக் கலைஞனோடு ஒப்பிட்டுக் காட்டினார். அதே மார்க்ஸ், கோதா வேலைத்திட்டம் பற்றிய 1875ஆம் ஆண்டு விமர்சனத்தில், உழைப்பைப் போலவே இயற்கையும் பயன்மதிப்புகளின் ஊற்று என்பதை வலியுறுத்தினார். முதற் கூற்றை நாம் அடிக்கடி எடுத்தாண்டு, இரண்டாவதை மறந்துவிடுகின்றோம். குண்டசாலையின் வரலாறு இரண்டையும் இணைத்து எழுதப்பட வேண்டியதாகும். விலையிடப்படாத உழைப்பையும் விலையிடப்படாத இயற்கையையும் மறைத்தது ஒரே உற்பத்தி முறையே. மரத்தை நட்டவரையும் அதைக் காய்க்கச் செய்தவற்றையும் ஒருங்கே பதிவுசெய்யும் வரலாறே முழுமையுடையதாகும்.