கார்னர்

கார்னர் (பெ.): கபடியில் தடுப்பு வரிசையின் கோடியில் நிற்கும் ஆட்டக்காரர்.

பிறப்பு: கொம்பைக் குறிக்கும் ‘கொர்னு’ என்ற லத்தீன் சொல், பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்கு வந்து மூலை என்று பொருள்பட்டது. பழந்தமிழிலும் கோடு என்றால் கொம்பு. கோடி என்றால் முனை.

விளக்கம்: கீரப்பாளையம், புவனகிரிப் பக்கத்து இளைஞர்களுக்குக் கார்னர் என்றால் இடம் மட்டுமல்ல, ஆளும்தான். எழுவர் வரிசையில் இரண்டு கார்னர், இரண்டு இன், இரண்டு கவர், நடுவே சென்டர். எதிரெதிரே நிற்பதால், பாடி வரும் ரைடரின் வலப்பக்கம் தடுப்பவர்களின் இடப்பக்கம். எனவே வலப்பக்கமாக இறங்கும் ரைடருக்கு நேர் எதிரி லெஃப்ட் கார்னர். தடுப்பில் ஆறு பேராவது இருந்தால் போனஸ் கோட்டைத் தாண்டும் காலுக்கு ஒரு புள்ளி உண்டு. அந்தக் கால் நீளும் கணத்தில்தான் கார்னருக்குக் கணுக்கால் சிக்கும். கவரைத் தொட ரைடர் திரும்பினால், அவர் முதுகு கார்னர் பக்கம் வந்துவிடும். அமெரிக்கக் கால்பந்தில் ஓரத்து ரிசீவரை மறிப்பவருக்கும் கார்னர்பேக் என்றே பெயர்.

எடுத்துக்காட்டு: ரைட் கார்னரில் பேர்பெற்ற தஞ்சை மண்ணின் தர்மராஜ் சேரலாதன் தலைமையில், பாட்னா பைரேட்ஸ் 2016இல் புரோ கபடிக் கோப்பையை வென்றது.