ஐக்கிய இராச்சியத்தில் நிலக்கரி மின்னுற்பத்தியின் முடிவு

ஐக்கிய இராச்சியத்தில் நிலக்கரி மின்னுற்பத்தியின் முடிவு என்பது, 142 ஆண்டுகள் நிலக்கரியை எரித்து மின்சாரம் பெற்றுவந்த அந்நாடு அதனை முற்றிலும் கைவிட்டதைக் குறிக்கும். நாட்டிங்காம்சயரில் உள்ள ராட்க்ளிஃப்-ஆன்-சோர் அனல் மின் நிலையம் 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டதுடன் இம்மாற்றம் நிறைவுற்றது. ஜி7 நாடுகளில் நிலக்கரி மின்னுற்பத்தியை முதலில் கைவிட்டது ஐக்கிய இராச்சியமே. 2012ல் நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ 40% நிலக்கரியிலிருந்து கிடைத்தது. 2020ல் அது 2%க்கும் கீழே இறங்கியது. நிலக்கரியை நிறுத்துவதற்கு அரசு குறித்த நாள் வருவதற்கு முன்பே, மாற்றத்தின் பெரும்பகுதி விலையின் வழியாக நடந்து முடிந்தது என்பது இதன் சிறப்பு ஆகும்.

பின்னணி

இலண்டனின் ஹோல்போர்ன் வயடக்ட் பகுதியில் எடிசனின் நிறுவனம் 1882 சனவரியில் இயக்கத் தொடங்கிய மின் நிலையம், பொதுப் பயன்பாட்டிற்கு மின்சாரம் வழங்கிய முதல் நிலக்கரி மின் நிலையமாகக் கருதப்படுகிறது. 1950களில் நாட்டின் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கிற்கு மேல் நிலக்கரியிலிருந்து கிடைத்தது.

1990களில் மின்துறை தனியார்மயமானது. வடகடல் எரிவாயு தாராளமாகக் கிடைத்ததால், குறைந்த முதலீட்டில் விரைவாகக் கட்டக்கூடிய எரிவாயு மின் நிலையங்களைத் தனியார் நிறுவனங்கள் விரும்பின. நிலக்கரியின் முதல் சரிவு இவ்வாறு தொடங்கியது. பின்னர் 2001ல் ஐரோப்பிய ஒன்றியம் கந்தக, நைதரசன் ஆக்சைடுகளுக்கு வரம்பு விதித்தது. வடிகட்டும் கருவிகளைப் பொருத்த விரும்பாத நிலையங்கள், 2008 முதல் 20,000 மணி நேரம் மட்டும் இயங்கி 2015 முடிவிற்குள் மூட வேண்டியதாயிற்று.

கரிம விலை

ஐரோப்பிய ஒன்றியம் 2005ல் உமிழ்வு வணிகத் திட்டத்தைத் தொடங்கியது. இதன்படி, வெளியிடும் ஒவ்வொரு டன் கரியமில வாயுவிற்கும் ஆலைகள் ஓர் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும். 2008 நெருக்கடிக்குப் பின் தொழில் உற்பத்தி குறைந்ததால் சீட்டுகள் தேங்கின. 2013ல் ஒரு சீட்டின் விலை 5 யூரோவை ஒட்டியே இருந்தது. இவ்விலை எந்த முதலீட்டாளரின் முடிவையும் மாற்றப் போதுமானதாக இல்லை.

ஆகவே பிரித்தானிய அரசு, சீட்டின் விலைக்கு மேல் மின் நிலைய எரிபொருள் மீது ஒரு தனி வரியை 2013 ஏப்ரலில் விதித்தது. டன்னுக்கு 4.94 பவுண்டாகத் தொடங்கிய இவ்வரி, 2015 ஏப்ரலில் 18.08 பவுண்டாக உயர்ந்தது. 2016ல் 18 பவுண்டாக நிலைநிறுத்தப்பட்டது. அயர்லாந்துக் குடியரசுடன் ஒரே மின்சந்தையில் உள்ள வட அயர்லாந்திற்கு இது பொருந்தாது.

இவ்வரி செயல்படும் விதத்தை அறிய, மின்சந்தையின் வரிசைமுறையை அறிய வேண்டும். ஒவ்வொரு அரைமணி நேரத்திற்கும், இயக்கச் செலவு குறைந்த நிலையங்கள் முதலில் இயங்கும். செலவு மிகுந்தவை காத்திருக்கும். ஒரு மெகாவாட்மணி மின்சாரத்திற்கு நிலக்கரி ஏறத்தாழ 0.9 டன்னும், எரிவாயு ஏறத்தாழ 0.4 டன்னும் கரியமில வாயுவை வெளியிடுகின்றன. எரிபொருள் செலவு நிலக்கரிக்கு 20 பவுண்டு, எரிவாயுவிற்கு 28 பவுண்டு என எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டால்:

* கரிம விலை 5 பவுண்டு எனில்: நிலக்கரி 20 + 4.5 = 24.5; எரிவாயு 28 + 2 = 30. நிலக்கரி முதலில் இயங்கும்.
* கரிம விலை 20 பவுண்டு எனில்: நிலக்கரி 20 + 18 = 38; எரிவாயு 28 + 8 = 36. எரிவாயு முதலில் இயங்கும்.

எந்த நிலையமும் தடைசெய்யப்படவில்லை. ஆயினும் வரிசை தலைகீழாகிவிட்டது. எரிவாயு விலையும் அக்காலத்தில் குறைந்ததால் விளைவு கூடுதலாயிற்று. 2015ல் 22% ஆக இருந்த நிலக்கரியின் பங்கு 2016ல் 9% ஆனது. எரிவாயுவின் பங்கு 29%லிருந்து 42% ஆனது. ஆண்டில் சில வாரங்களே இயங்கும் நிலையத்தைப் பராமரிப்பது இழப்பைத் தந்ததால், உரிமையாளர்கள் தாமாகவே மூடத் தொடங்கினர். இசுக்காட்லாந்தின் லாங்கனெட் நிலையம் 2016 மார்ச்சில் மூடப்பட்டது. 2017 ஏப்ரல் 21 அன்று, நிலக்கரி மின்சாரமே இல்லாத முதல் முழு நாள் கடந்தது. 2020ல் இத்தகைய நாட்கள் தொடர்ந்து 67 வந்தன.

2025க்குள் நிலக்கரி மின்னுற்பத்தியை நிறுத்தும் திட்டத்தை அரசு 2015 நவம்பரில் அறிவித்தது; 2021ல் அக்கெடு 2024 அக்டோபருக்கு முன்கொணரப்பட்டது.

கடற் காற்றாலைகளும் ஏல முறையும்

காற்றாலைக்கு எரிபொருள் செலவு இல்லை. செலவின் பெரும்பகுதி தொடக்கத்திலேயே செய்யும் முதலீடாகும். எனவே கடனுக்கான வட்டி விகிதமே அதன் மின்சார விலையைப் பெரிதும் தீர்மானிக்கிறது. வருவாய் நிலையாக இருந்தால் வங்கிகள் குறைந்த வட்டிக்குக் கடன் தரும். இதற்காக 2013ஆம் ஆண்டு எரிசக்திச் சட்டம் வேறுபாட்டு ஒப்பந்த முறையைக் கொண்டுவந்தது. ஏலத்தில் உறுதிசெய்த விலையைவிடச் சந்தை விலை குறைந்தால் உற்பத்தியாளருக்கு மீதி வழங்கப்படும். கூடினால் அவர் மிகுதியைத் திருப்பித் தர வேண்டும்.

கடற் காற்றாலைகளின் ஏல விலை (மெகாவாட்மணிக்கு, 2012ஆம் ஆண்டு பவுண்டு மதிப்பில், ஒவ்வொரு ஏலத்திலும் கிடைத்த மிகக் குறைந்த விலை):

* 2015: 114.39
* 2017: 57.50
* 2019: 39.65
* 2022: 37.35

2023 ஏலத்தில் கடற் காற்றாலைக்கு ஒருவரும் விலை கேட்கவில்லை. வட்டியும் எஃகு முதலிய பொருட்களின் விலையும் உயர்ந்திருந்தபோது, அரசு வைத்த உச்சவரம்பு 44 பவுண்டாக இருந்ததே காரணம். 2024ல் வரம்பு 73 பவுண்டாக உயர்த்தப்பட்ட பின்னரே ஏலம் மீண்டும் வெற்றிபெற்றது. தூய மின்சாரத்தின் விலை ஒரே திசையில் குறைந்துகொண்டே செல்லும் என எதிர்பார்க்க இயலாது என்பதை இது காட்டியது.

செலவை ஏற்றவர்கள்

கரிம வரியும் காற்றாலை ஆதரவுத் தொகையும் இறுதியில் மின்கட்டணத்தில் சேர்கின்றன. வருமான வரியைப் போலன்றி, கட்டணம் வருவாயைப் பார்ப்பதில்லை. ஏழைக் குடும்பங்கள் தம் வருவாயில் பெரிய பங்கை இதற்குச் செலவிடுகின்றன. மேலும், பெரும்பாலான நேரங்களில் வரிசையின் கடைசியில் நின்று சந்தை விலையைத் தீர்மானிப்பது எரிவாயு நிலையமாகும். உக்ரைன் போரை ஒட்டி 2022ல் எரிவாயு விலை ஏறியபோது, காற்று மிகுதியாக வீசியும் கட்டணம் உயர்ந்தது இதனாலேயே.

சுரங்கத் தொழிலாளர் ஏற்ற இழப்பு இதற்கு முந்தையது. 1920 அளவில் 10 இலட்சத்திற்கும் மேற்பட்டோருக்கு வேலை தந்த சுரங்கங்களில் பெரும்பாலானவை, காலநிலைக் கொள்கை தோன்றுமுன்பே மூடப்பட்டன. 1984-85 வேலைநிறுத்தம் தோல்வியுற்ற பின் இது விரைவுற்றது. கடைசி ஆழ்சுரங்கமான கெல்லிங்லி 2015 திசம்பரில் மூடப்பட்டபோது, மின் நிலையங்கள் இறக்குமதி நிலக்கரியையே பெரிதும் நம்பியிருந்தன. ஆகவே மின் நிலையங்களை மூடும் முடிவிற்குச் சுரங்கப் பகுதிகளிலிருந்து எழக்கூடிய எதிர்ப்பு குறைவாக இருந்தது. சுரங்கங்கள் இன்றும் பல இலட்சம் பேருக்கு வாழ்வளிக்கும் நாடுகளுக்கு இவ்வழி அப்படியே பொருந்தாது.

விமர்சனங்கள்

* நிலக்கரியின் இடத்தை முதலில் நிரப்பியது மற்றொரு புதைபடிவ எரிபொருளான எரிவாயுவே. 2024ல் காற்று, எரிவாயு இரண்டும் தலா ஏறத்தாழ 30% மின்சாரம் தந்தன.
* நாட்டின் மிகப்பெரிய நிலக்கரி நிலையமாக இருந்த டிராக்ஸ், அரசு மானியத்துடன் மரத்துகள் உருண்டைகளுக்கு மாறியது. பெரும்பாலும் வட அமெரிக்காவிலிருந்து வரும் இவ்வெரிபொருளைத் தூயதாகக் கருதலாமா என்பது சர்ச்சைக்குரியது.
* இசுக்காட்லாந்துக் காற்று மின்சாரத்தைத் தெற்கே கொண்டுசெல்லக் கம்பித்தடங்கள் போதாமையால், காற்றாலைகளை நிறுத்திவைக்க இழப்பீடு வழங்க வேண்டியுள்ளது.

இவற்றையும் பார்க்க

* கரிம வரி
* காற்றுத் திறன்
* அனல் மின் நிலையம்
* புவி சூடாதல்