ரண சிகிச்சையும் வேலை நேரமும்

இன்று ஸ்ரீ விஜயபுரம் என வழங்கும் போர்ட் பிளேரின் அபர்டீன் பஜாரிலே மணிக்கூண்டு ஒன்று நிற்கிறது. கடைத்தெருவின் நாள் மணிக் கணக்கிற்கு அடங்கியது. சிறிது தொலைவில், செல்லுலர் சிறையின் வளாகத்தில் 1963-இல் எழுந்த கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனையிலோ, ரண சிகிச்சை நிபுணரின் நாள் அவ்வாறு அடங்குவதன்று. கார் நிக்கோபாரிலிருந்து நோயாளி வந்து சேரும் வேளையே அவருக்கு வேலை வேளை.

இத்தீவுகளின் குடியேற்ற வரலாற்றில் மருத்துவர்களுக்கும் இடமுண்டு. 1857-இல் இடம் தேர்ந்த குழுவின் தலைவர் மொவாட் மருத்துவர். 1858 மார்ச் 10-இல் 200 கைதிகளுடன் வந்திறங்கிய வாக்கரும் மருத்துவர். பின்னெழுந்த செல்லுலர் சிறையில், நாளொன்றுக்கு 30 ராத்தல் தேங்காயெண்ணெய் ஆட்டுமாறு கைதிகள் வருத்தப்பட்டனர். அவர்தம் துயரையும் மருத்துவரின் களைப்பையும் ஒரு தராசில் நிறுத்தல் தகாது. எனினும், உடலின் ஆற்றலுக்கு எல்லை உண்டு என்பது யாவர்க்கும் பொது.

அவ்வெல்லையை மறந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1889-இல் திறக்கப்பெற்ற ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், ஹால்ஸ்டெட் என்பார் ரண சிகிச்சைப் பயிற்சி முறையொன்றை வகுத்தார். பயில்வோர் மருத்துவமனையிலேயே உறைந்து, இரவு பகலாக உழைத்தனர். அவரோ, உணர்விழக்கச் செய்யும் மருந்தாகக் கொக்கேனைத் தம்மீதே சோதித்து, அதன் பிடியிற் சிக்கியவர். அம்முறையே பல நாடுகளுக்கும் பரவிற்று.

1984-இல் நியூயார்க்கில் லிபி சயன் என்னும் 18 வயது நங்கை, மருத்துவமனையிற் சேர்ந்த சில மணி நேரத்திலேயே இறந்தாள். பயிற்சி மருத்துவரின் களைப்பு பற்றிய வினா எழுந்தது. 1989-இல் அம்மாநிலம் வாரத்திற்கு 80 மணி என வரம்பு கட்டியது. இந்திய அரசின் 1992-ஆம் ஆண்டு நெறிமுறையோ, பயிற்சி மருத்துவர்க்கு ஒரே தொடர்ச்சியாக 12 மணி, வாரத்திற்கு 48 மணி எனப் பொது அளவு கூறிற்று. ஏட்டிலுள்ள அளவு நோயாளர் கூடத்தில் நிலைபெறுதல் அரிதாயிற்று.

நேரம் குறைந்தால், நோயாளி ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறுகையில் செய்தி தவறும் என்பர் சிலர். அவ்வச்சம் மெய்யே. ஆயினும், உறங்காத கையிற் கத்தி இருத்தல் அதனினும் அஞ்சத்தக்கது. தீவுகளிலோ சங்கடம் இரட்டிப்பாகும். களைத்தவரை விடுவிக்க, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சென்னையிலிருந்து உடனே ஒருவரை வருவிக்க இயலாது. 2015-இல் இங்கு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றதன் பயன் இவ்விடத்தே விளங்கும். நேரத்தைக் குறைக்க ஆளைப் பெருக்குதல் வேண்டும். அதனைச் செய்யாத சட்டம் வெறும் எழுத்தே.