டேல் குக் யார்?

1957 ஜனவரியில் அமெரிக்கக் கடைகளுக்கு ஒரு புது இசைத்தட்டு வந்தது. பாட்டு 'லவபிள்'. பாடியவர் டேல் குக் என்று அச்சாகியிருந்தது. அப்படி ஒரு பாடகரை அதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் தட்டில் ஊசியை வைத்த மாத்திரத்தில், கறுப்பினச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு ஆள் யாரென்று தெரிந்துபோயிற்று. ஆறு வருடங்களாக அவர்களை உருகி அழவைத்த குரல் அது. சோல் ஸ்டிரர்ஸ் என்ற காஸ்பல் (சபைப் பக்திப் பாட்டு) குழுவின் முன்னணிப் பாடகர் சாம் குக்கின் குரல். மெட்டும் தெரிந்த மெட்டுதான். அதே குழு கர்த்தரைத் துதித்து 'ஒண்டர்ஃபுல்' என்று பாடிய பாட்டு அது. கர்த்தர் இருந்த இடத்தில் இப்போது ஒரு பெண் இருந்தாள்.

காஸ்பல் பாடகி சிஸ்டர் ரோசெட்டா தார்ப்பும் சபைக்கு வெளியே போனவர்தான். 1938-ல் கிட்டாரும் கையுமாக நியூயார்க்கின் காட்டன் கிளப் மேடை ஏறியவர். சபை முகம் சுளித்தாலும், அவர் அங்கே பாடியதில் பெரும்பகுதி தேவனைப் பற்றிய பாட்டு. சாம் குக் எடுத்துவைத்த அடி அதைவிடப் பெரியது. காஸ்பல் உலகின் உச்சியில் இருக்கும்போதே அதை விட்டு இறங்கி, வெறும் காதல் பாட்டுப் பாடப் போனவர்களில் அவர் அளவுக்குப் பெயர் பெற்ற யாரும் அதற்கு முன் இல்லை. அதனால்தான் பொய்ப்பெயர் தேவைப்பட்டது.

சாம் பிறந்தது 1931 ஜனவரி 22, மிசிசிப்பி மாநிலம் கிளார்க்ஸ்டேலில். அப்பா சார்லஸ் குக், ஹோலினஸ் சபைப் போதகர். பையனுக்கு இரண்டு வயதானபோது குடும்பம் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அண்ணன் தம்பி அக்காக்களோடு சேர்ந்து 'சிங்கிங் சில்ட்ரன்' என்ற பெயரில் அப்பாவின் ஊழியக் கூட்டங்களில் பாடினான். தம்பி எல்.சி. பிற்காலத்தில் சொன்ன ஒரு காட்சி எனக்கு மிகவும் பிடிக்கும். ஐஸ் குச்சிகளைப் பொறுக்கி வந்து மண்ணில் வரிசையாக நட்டுவைத்து, அவைதான் சபையார் என்று பாவித்து அவற்றின் முன்னால் நின்று பாடிப் பழகுவானாம் சாம். குச்சிகளுக்குப் பாடிய அந்தச் சிறுவன் பதின்வயதில் 'ஹைவே க்யூ.சி.ஸ்' என்ற இளைஞர் குழுவில் சேர்ந்தான். அவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் சோல் ஸ்டிரர்ஸின் ஆர்.பி. ராபின்சன். பெரிய குழுவின் பாட்டும் உத்தியும் அப்படித்தான் பையன்களுக்கு வந்து சேர்ந்தன.

சோல் ஸ்டிரர்ஸ் சாதாரணக் குழு இல்லை. ராய் கிரெய்ன் டெக்சாஸில் 1926-ல் தொடங்கியது. இந்த வகைக் குழுக்களைக் 'குவார்டெட்' என்பார்கள். நால்வர் என்று பொருள், ஆனால் ஐந்தாறு பேர் நிற்பதும் உண்டு. பெரும்பாலும் வாத்தியமே கிடையாது; குரல்களே தாளமும் சுருதியும். இவர்களின் தலைவர் ஆர்.எச். ஹாரிஸ் ஒரு புதுமை செய்தார். முன்னணிப் பாடகர் ஒருவருக்குப் பதில் இருவர். ஒருவர் பாட்டை மெல்ல விரித்துச் சொல்லிக்கொண்டு போவார். சூடு ஏறும் இடத்தில் இன்னொருவர் பாய்ந்து வாங்கிக்கொள்வார். இரு குரலும் மாறி மாறி ஏற, கூட்டம் எழுந்துவிடும். ஆவியில் நிறைந்து மயங்கி விழுபவர்களைத் தாங்குவதற்கென்றே வெள்ளை உடை தாதியர் பக்கத்தில் நிற்பார்கள்.

1950-ல் ஹாரிஸ் குழுவை விட்டு விலகினார். ஊர் ஊராகப் போகும் பாடகர்களின் ஒழுக்கம் அவர் மனதுக்கு ஒவ்வவில்லை. அந்த மகா பாடகரின் இடத்துக்கு வந்தவர் 19 வயது சாம். 1951 மார்ச் 1 அன்று ஹாலிவுட்டில் ஸ்பெஷால்டி ரெக்கார்ட்ஸுக்காக முதல் பதிவு. நிறுவனத்தின் முதலாளி ஆர்ட் ரூப், ஹாரிஸைக் காணாமல் திகைத்தார். இளைஞன் பாட விரும்பியதோ 'ஜீசஸ் கேவ் மீ வாட்டர்'. அதே நிறுவனத்துக்காக வேறொரு குழு ஏற்கெனவே பாடிக்கொடுத்த பாட்டு. ரூப் தயங்கினார், பிறகு சம்மதித்தார். யாக்கோபின் கிணற்றடியில் சமாரியா ஸ்திரீ தண்ணீர் மொள்ள வந்த கதை. அதைச் சாம் ஓர் அதிசயத்தை நேரில் பார்த்துவிட்டு ஓடிவந்த பையனைப் போலச் சொல்கிறார். கத்தல் இல்லை, உறுமல் இல்லை. தட்டு பெரிய வெற்றி.

தொடக்கத்தில் சாமுக்கு ஒரு சங்கடம் இருந்தது. ஹாரிஸ் எட்டிய உச்ச ஸ்தாயி எல்லா இரவும் அவருக்கு எட்டவில்லை. ஒருநாள் மேலே போகமுடியாத இடத்தில் சட்டென்று சுரத்துக்கு அடியில் வளைந்து, ஒரே உயிரெழுத்தை நான்கைந்து துண்டாக உடைத்து 'ஓ-ஓ-ஓ-ஓ' என்று உருட்டிக் கீழே இறங்கினார் என்று கிரெய்ன் நினைவுகூர்ந்திருக்கிறார். நாம் பிருகா என்று சொல்வதற்குப் பக்கத்தில் வரும் ஒரு சங்கதி அது. எட்டாத குறையை மறைக்க வந்த அந்த வளைவே அவருடைய முத்திரை ஆயிற்று. அதற்குப் பிறகு வந்த பாடகர்களில் அதைப் பழகிப் பார்க்காதவர் குறைவு.

பாட்டுக் கட்டுவதிலும் கெட்டிக்காரர். 1956-ல் 'டச் தி ஹெம் ஆஃப் ஹிஸ் கார்மென்ட்' பதிவுக்குப் போகும்போது கையில் பாட்டே இல்லை. காரில் போகும் வழியில் வேதாகமத்தைத் திறந்து, பெரும்பாடுள்ள ஸ்திரீயின் கதையைப் பார்த்து அங்கேயே கட்டினார் என்று உடனிருந்தவர்கள் சொல்வார்கள். பன்னிரண்டு வருடம் நோயோடு வாடிய பெண், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து வஸ்திரத்தின் ஓரத்தைத் தொடும் அந்தக் கணத்தில் சாமின் குரல் நடுங்குவதைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள்.

அதற்கு முந்தைய வருடம், 1955 ஜூலையில், லாஸ் ஏஞ்சல்ஸ் ஷ்ரைன் அரங்கில் நடந்த கூட்டத்தின் ஒலிப்பதிவு நமக்குக் கிடைக்கிறது. 'நியரர் டு தீ' பாட்டை எட்டு நிமிடத்துக்கு மேல் இழுத்து இழுத்துப் பாடுகிறார்கள். அரங்கமே அலறுகிறது. அன்று அங்கே இருந்தவர் பம்ப்ஸ் பிளாக்வெல், ஸ்பெஷால்டியின் தயாரிப்பாளர், லிட்டில் ரிச்சர்டை உலகுக்குத் தந்தவர். இந்தக் குரல் சபைக்குள் மட்டும் அடங்கியிருக்கக் கூடாது என்று அவர் சாமிடம் சொல்லத் தொடங்கினார்.

சாம் உடனே தாவவில்லை. காஸ்பல் ரசிகர்கள் கைவிட்டுவிட்டால், பாப் உலகமும் ஏற்கவில்லை என்றால், இரண்டுமே போய்விடும். அப்பாவிடமும் பேசினார். கண்டிப்பான போதகரான சார்லஸ் குக் தடுக்கவில்லை. மனிதர்களைச் சந்தோஷப்படுத்தத்தான் தேவன் உனக்குக் குரல் கொடுத்தார் என்ற பொருளில் அவர் பதில் சொன்னதாகக் குடும்பத்தார் கூறியிருக்கிறார்கள். சபையில் பலருக்கு இல்லாத விசாலம் அந்தப் போதகருக்கு இருந்தது.

1956 டிசம்பரில் நியூ ஆர்லியன்ஸில் பதிவான 'லவபிள்'தான் டேல் குக்கின் பாட்டு. மறைவு பலிக்கவில்லை. அடுத்த ஜூன் 1 அன்று சொந்தப் பெயரில் பாடப் போனார். பின்னணியில் இனிமையான வெள்ளையர் குழுப்பாடல். பதிவு நடக்கும்போது உள்ளே வந்த ரூப் கொதித்துப்போனார். தன் நிறுவனத்துக்கு அடையாளமே கறுப்பினப் பாட்டின் முரட்டு வேகம்தான் என்பது அவர் எண்ணம். சண்டை முற்றி, தனக்கு வரவேண்டிய பணத்துக்கு ஈடாகப் பதிவுகளையும் சாமின் ஒப்பந்தத்தையும் வாங்கிக்கொண்டு பிளாக்வெல் வெளியேறினார். 'கீன்' என்ற புத்தம்புதிய நிறுவனம் செப்டம்பரில் அந்தத் தட்டை வெளியிட்டது. ஒரு பக்கம் 'சம்மர்டைம்', மறுபக்கம் 'யூ சென்ட் மீ'. வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். ஆண்டு முடிவதற்குள் 'யூ சென்ட் மீ' பில்போர்டின் பாப் பட்டியலிலும் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலிலும் முதலிடம் பிடித்தது. பெயரின் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தைச் சேர்த்துக்கொண்டார் சாம், உச்சரிப்பு மாறவில்லை. பாட்டின் கட்டமைப்பிலும் சபைதான் இருக்கிறது. ஏறக்குறைய ஒரே சொற்றொடர் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் வளைவு வேறு. ஷ்ரைன் அரங்கில் செய்ததை மூன்று நிமிடத்துக்குள் தாழ்ந்த குரலில் செய்திருக்கிறார்.

நவம்பர் 3 அன்று எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடத் தொடங்கியபோது நேரம் முடிந்து ஒளிபரப்பு பாதியில் அறுந்தது. கண்டனம் குவிந்தது. டிசம்பர் 1 அன்று திரும்ப அழைத்து முழுதாகப் பாடவைத்தார்கள்.

அதே வருடம் அக்டோபரில் இன்னொன்றும் நடந்தது. ஆஸ்திரேலியப் பயணத்தில் இருந்த லிட்டில் ரிச்சர்ட், ராக் பாட்டு பாவம் என்று சொல்லி அதைத் துறந்து வேதம் படிக்கப் போய்விட்டார். ஒரே தயாரிப்பாளரிடம் வளர்ந்த இருவர், ஒரே இலையுதிர் காலத்தில் எதிரெதிர்த் திசையில் போனார்கள். 1962 அக்டோபரில் இங்கிலாந்து மேடையில் இருவரும் சேர்ந்து வந்தார்கள். முதல் காட்சியில் லிட்டில் ரிச்சர்ட் காஸ்பல் பாடினார், கூட்டம் பொறுக்கவில்லை. சாமுக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்ததும் அடுத்த காட்சியிலேயே பழைய ராக் பாட்டுகளுக்குத் திரும்பிவிட்டார்.

சாமுக்குத் திரும்பும் வழி அவ்வளவு எளிதாக இல்லை. பாப் பாடகரான பிறகு சிகாகோவில் சோல் ஸ்டிரர்ஸ் விழா ஒன்றில் அவரை மேடைக்கு அழைத்தபோது, அந்த ப்ளூஸ் பாடகனை இறக்குங்கள் என்று கூட்டத்திலிருந்து குரல் எழுந்ததாகப் பழைய காஸ்பல்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். ப்ளூஸ் என்றால் பிசாசின் பாட்டு. தன்னை வளர்த்த கூட்டத்தின் வாயிலிருந்தே அது வந்தது.

பணத்துக்காகக் கர்த்தரை விற்றவர் என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்பவர் உண்டு. நான் இதை ஏற்கவில்லை. அவர் பணத்தை என்ன செய்தார் என்று பாருங்கள். காஸ்பல் பாடகரும் நண்பருமான ஜே.டபிள்யூ. அலெக்சாண்டருடன் சேர்ந்து முதலில் பாட்டுரிமை நிறுவனம் தொடங்கினார், பிறகு எஸ்.ஏ.ஆர். என்ற சொந்த இசைத்தட்டு நிறுவனம். கறுப்பினப் பாடகர்களின் பாட்டை யார் யாரோ சொந்தமாக்கிக்கொண்டிருந்த காலத்தில், தன் பாட்டு தனக்கே என்று எழுதி வைத்தவர்களில் அவர் முன்னோடி. அந்த நிறுவனம் 1959-ல் வெளியிட்ட முதல் தட்டு யாருடையது தெரியுமா? தான் விட்டுவந்த சோல் ஸ்டிரர்ஸினுடையது. கிளீவ்லேண்டின் வோமாக் சகோதரர்கள் காஸ்பலை விட்டுக் காதல் பாட்டுப் பாடினார்கள் என்று அவர்கள் அப்பா வீட்டைவிட்டு விரட்டியபோது, லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வந்து சேரப் பணம் அனுப்பியவரும் இவரே. தன் அப்பா தனக்குக் காட்டிய கருணையை அந்தப் பையன்களுக்கு அவர் காட்டினார்.

1960-ல் ஆர்.சி.ஏ. விக்டருக்கு மாறினார். 'செயின் காங்', 'கியூபிட்', 'ட்விஸ்டின் தி நைட் அவே' என்று வெற்றிகள் தொடர்ந்தன. 1961-ல் மெம்பிஸில் கறுப்பினத்தவரைத் தனியே உட்காரவைக்கும் அரங்கில் பாட மறுத்தார். 1963 ஜூனில் ஒன்றரை வயது மகன் வின்சென்ட் வீட்டு நீச்சல்குளத்தில் மூழ்கி இறந்தான். அந்த அக்டோபர் 8 அன்று லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில், தொலைபேசியில் முன்பதிவு செய்திருந்த விடுதிக்குப் போனார். நிறத்தைப் பார்த்ததும் அறை இல்லை என்றார்கள். அவர் அங்கிருந்து நகர மறுத்து வாதாடினார்; பிறகு அவரும் உடன் வந்தவர்களும் காரின் ஹாரனை அழுத்திக்கொண்டே போனார்கள்; அமைதியைக் கெடுத்ததாகக் கைது. நாடு முழுவதும் ரசிகர்கள் வைத்திருந்த பாடகருக்கு நடந்தது இது. 2019-ல்தான் அந்த நகர மேயர் மன்னிப்புக் கேட்டார்.

சில மாதங்களில் ஒரு பாட்டு வந்தது. 'எ சேஞ்ச் இஸ் கானா கம்'. கனவில் வந்ததுபோல் வந்தது என்று அலெக்சாண்டரிடம் சொன்னார். அப்பா இதைக் கேட்டுப் பெருமைப்படுவார் என்றும் சொன்னார். எனக்கு இந்தச் சொல் முக்கியம். பட்டியலில் எந்த இடம் கிடைக்கும் என்பதல்ல, போதகரான அப்பா என்ன நினைப்பார் என்பதுதான் அவர் மனதில் நின்றது. 1964 ஜனவரி இறுதியில் ரெனே ஹால் அமைத்த பெரிய வாத்தியக் குழுவோடு பாடினார். வயலின்களும் கொம்பு வாத்தியமும் எழும்ப, ஷ்ரைன் அரங்கில் கேட்ட அதே தவிப்பு குரலில் திரும்பி வருகிறது. பிப்ரவரி 7 அன்று 'டுநைட் ஷோ'வில் பாடினார். அந்த ஒளிப்பதிவு இன்று இல்லை. இரண்டே நாளில் பீட்டில்ஸ் எட் சல்லிவன் மேடை ஏற, நாட்டின் பேச்சு முழுவதும் அங்கே போய்விட்டது.

1964 டிசம்பர் 11 அன்று லாஸ் ஏஞ்சல்ஸின் ஹசியெண்டா விடுதியில் மேலாளர் சுட்டதில் சாம் இறந்தார். வயது 33. தற்காப்புக்காகச் சுட்டார் என்று விசாரணை முடிந்தது. குடும்பம் அதை ஏற்கவில்லை. சிகாகோவிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் இறுதி ஆராதனை நடந்தது, இரண்டும் பாப்டிஸ்ட் சபைகளில். மவுண்ட் சைனாய் சபையில் ரே சார்லஸ் எழுந்து காஸ்பல் பாட்டொன்று பாடினார்.

சாம் இறந்து பதினோரு நாள் கழித்து 'எ சேஞ்ச் இஸ் கானா கம்' தனித் தட்டாக வந்தது, அதுவும் 'ஷேக்' என்ற ஆட்டப் பாட்டின் மறுபக்கமாக. நிறவெறியை நேராகச் சொல்லும் ஒரு சரணத்தை அதில் வெட்டியிருந்தார்கள். ஆகவே கேட்க விரும்புபவர்கள் தனித் தட்டைத் தேடாதீர்கள்; 'எய்ன்ட் தட் குட் நியூஸ்' தொகுப்பில் முழுப்பாட்டு இருக்கிறது. அதற்கு முன்னால் 1951-ன் 'ஜீசஸ் கேவ் மீ வாட்டர்' பாட்டை ஒருமுறை கேளுங்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு, அவர் சபையை விட்டுப் போனாரா என்று நீங்களே சொல்லுங்கள்.