விரியன் நஞ்சும் குருதி உறைதலும்

கண்ணாடி விரியனின் நஞ்சு உயிர்கொல்லி என்பது நாம் அறிந்தது. குருதி உறையும் முறையை ஆராய்வார்க்கு அதுவே கருவியாயிற்று என்பது பலரும் அறியாதது. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

மேலைநாட்டார் இப்பாம்பை இரசல் விரியன் என்பர். சோழமண்டலக் கரைப் பாம்புகளை ஆராய்ந்து 1796-இல் நூல் வெளியிட்ட பாட்ரிக் இரசலின் பெயரால் அஃது அவ்வாறு வழங்குகிறது. இலண்டன் மருத்துவ அறிஞர் மக்பார்லேன், அந்நகர் விலங்குக் காட்சிச்சாலையின் ஊர்வனக் காப்பாளர் பார்னெட்டுடன் கூடி, இதன் நஞ்சு குருதிப் பெருக்கைத் தடுக்கும் திறம் பற்றி 1934-இல் ஆய்வுரை வெளியிட்டார். ஈமோபீலியா நோயாளரின் குருதி எளிதில் உறையாது. மிக நீர்த்த விரியன் நஞ்சு சேர்ந்தவுடன் அதுவும் விரைந்து உறைந்தது. பல் பிடுங்கிய புண்ணில் நஞ்சுக் கரைசலை இட்டுக் குருதிப் பெருக்கை நிறுத்தவும் முற்பட்டனர்.

இதனாற் பெறப்படுவது யாது? அந்நோயாளரின் குருதியில் உறைதலின் இறுதிப் படிகள் பழுதற்றவை. குறை முன்னைப் படியிலேயே உள்ளது. விரியன் நஞ்சு பத்தாங் காரணியை நேரே தூண்டுதலின், எட்டாங் காரணி குறைந்த படியைக் கடந்து செல்கிறது என்பதைப் பிற்கால ஆய்வு விளக்கிற்று. ஒரு காரணி அடுத்ததைத் தூண்ட, விளைவு படிதோறும் பெருகும் என்னும் கொள்கையை மக்பார்லேன் 1964-இல் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே அமெரிக்க அறிஞர் டேவியும் இரட்னாபும் தனித்து ஆராய்ந்து அத்தகைய முடிவையே கண்டனர்.

குருதியை உறைவிக்கும் நஞ்சு, கடியுண்டாரைக் குருதி ஒழுகச் செய்வது எங்ஙனம் எனின், உடலுட் பரவிய நஞ்சு உறைதற்குரிய பொருள்களையெல்லாம் செலவழித்துவிடுதலான் என்க. புண்ணின்மேற் காப்பதும் உடலுட் கொல்வதும் அவ்வொரு செயலே.