காசும் கேஷும்

மைசூரின் தேவராஜ மார்க்கெட்டில் பூ வாங்கினாலும், வங்கியில் பணம் கட்டினாலும், 'கேஷ்' என்னும் ஆங்கிலச் சொல் காதில் விழாமற் போவதில்லை. கைப்பேசியாலேயே பணம் செலுத்தும் வழக்கம் பெருகிவிட்ட இந்நாளிலும், "கேஷா?" என்று வினவும் கடைக்காரர் உளர். வெளி மாநிலத்தில் வாழும் தமிழருள் பலர் இச்சொல்லைக் கேட்டவுடன், "இது நம் காசு அன்றோ! வெள்ளைக்காரன் நம்மிடமிருந்து எடுத்துச் சென்றதுதானே!" என்று பெருமிதத்தோடு கூறுவதுண்டு. அண்டை வீட்டுக் கன்னடரோ, "காசு எங்கள் சொல்லும் ஆயிற்றே" என்பார். இவ்வழக்கைத் தீர்ப்பதற்கு மைசூரே நல்ல சான்று ஒன்றை வைத்திருக்கிறது.

மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் 1799-இல் அரியணை ஏறி, 1868-இல் காலமானவர். அவர் பெயரால் மைசூரில் அச்சிடப்பெற்ற செப்புக் காசுகளில் ஒருவகையை எடுத்துப் பாருங்கள். ஒரு புறத்தில் யானை. அதற்கு மேலே 'ஸ்ரீ' என்னும் எழுத்தும், கதிரவனும் திங்களும். மறுபுறத்தில் கன்னட எழுத்தில் 'மயிலி காசு' என்றும் இருபது என்றும் பொறித்திருக்கும். அதனோடு ஆங்கில எழுத்தில், உரோமானிய எண்ணால் இருபது எனக் குறித்து, 'கேஷ்' என்றும் இருக்கும். ஒரே செம்புத் துண்டில் ஒரே சொல் இருமுறை, இரண்டு எழுத்துகளில்! காசும் கேஷும் ஒன்றே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ என்று தோன்றும். ஆயினும் சற்றுப் பொறுத்தல் வேண்டும்.

ஆங்கிலத்தில் 'கேஷ்' என எழுதப்பெறும் சொற்கள் இரண்டு. கையிலுள்ள ரொக்கப் பணம் என்று இன்று உலகெங்கும் வழங்கும் சொல் ஒன்று. அது பிரெஞ்சு மொழியின் 'கேஸ்', இத்தாலியத்தின் 'காஸ்ஸா' ஆகியவற்றின் வழியாக, பெட்டி என்று பொருள்படும் 'காப்ஸா' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. முதலில் பணப்பெட்டிக்குப் பெயராயிருந்து, பின்னர் பெட்டிக்குள் இருந்த பணத்திற்குப் பெயராயிற்று. பணப்பெட்டிக்கு முன் அமர்ந்திருக்கும் 'கேஷியர்' இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவரே. இதில் தமிழுக்குப் பங்கு இல்லை.

சிறு நாணயத்தைக் குறிக்கும் 'கேஷ்' மற்றொன்று. அதுவே நம் காசு. இந்தியக் கரைக்கு வந்த போர்த்துக்கீசியர் இங்கு வழங்கிய காசு என்னும் பெயரைக் கேட்டுத் தம் மொழியில் 'காய்ஷா' என்றனர். வேடிக்கை என்னவெனில், அவர்கள் மொழியில் 'காய்ஷா' என்றால் பெட்டி என்றும் பொருள். அதுவும் அந்த இலத்தீன் சொல்லின் வழித்தோன்றலே. பின்வந்த ஆங்கிலேயரோ தமக்குப் பழகிய 'கேஷ்' என்னும் வடிவத்தையே இந்த நாணயத்திற்கும் இட்டுவிட்டனர். வேறு வேறு ஊரில் பிறந்த இருவர் ஒரே பெயரோடு ஒரே சத்திரத்தில் தங்கியதைப் போன்ற நிலை. மைசூர்க் காசைக் கையில் எடுத்த ஆங்கிலேயன் தன் நாட்டுச் சொல்லையே படிப்பதாக எண்ணியிருந்தால் வியப்பில்லை.

ஆகவே, 'கேஷ்' முழுவதும் நமது என்று கூறுதல் மிகை. அப்படிக் கூறாமலே நாம் பெருமைப்படுவதற்கு வேண்டியன உள்ளன. சீன நாட்டில் நடுவே சதுரத் துளையிட்டு, ஆயிரம் ஆயிரமாகக் கயிற்றில் கோத்து வைத்த செப்பு நாணயத்தை ஆங்கில வணிகர் 'கேஷ்' என்றே அழைத்தனர். சீனர் அதற்கு இட்ட பெயர் வேறு. தென்னிந்தியக் கடைத்தெருச் சொல் கடல் கடந்து சீனத்து நாணயத்திற்கும் பெயராயிற்று. நாணயவியல் நூல்களில் இன்றும் அதுவே அதன் பெயர்.

தமிழில் இச்சொல்லின் பழமையைக் காண்போம். குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லையார் பாடிய பாட்டொன்றில், கிளி தன் வளைந்த அலகில் வேம்பின் பழத்தைப் பற்றியிருக்கும் காட்சி வருகிறது. புது நூலில் கோப்பதற்காகப் பொற்காசை நகத்தால் பற்றிய கைவினைஞனின் தோற்றத்தைப் புலவர் அதற்கு உவமையாக்குகிறார். அங்கே காசு செலவழிக்கும் பணமன்று, கோத்து அணியும் பொன். காசுமாலை அணியும் பெண்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. வெண்பாவின் ஈற்றுச் சீருக்கு இலக்கணிகள் வகுத்த வாய்பாடு நான்கனுள்ளும், நாள், மலர், பிறப்பு என்பவற்றோடு காசும் இடம்பெற்றுள்ளது.

முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் காசு முதலீட்டுப் பணமாகிறது. கோயிலுக்கு அளித்த காசை ஊர்ச் சபையார் பெற்றுக்கொண்டு, காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு வட்டி செலுத்தினர். நூற்றுக்குப் பன்னிரண்டரை என்று கணக்கிட்டுக் கொள்ளலாம். அந்தச் சோழரின் ஆட்சி மைசூருக்கு அருகிலுள்ள தலக்காடு வரை பரவி, அவ்வூர் இராசராசபுரம் எனவும் பெயர் பெற்றது. 1116-இல் ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் அதை மீட்டான்.

பொன்னாயிருந்த காசு, கும்பினியார் காலத்தில் கடைநிலைச் செப்பு நாணயமாக இழிந்தது. சென்னையில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். அதாவது ஒரு வராகனுக்கு 3,360 காசுகள். 1818-இல் வெள்ளி ரூபாய் சென்னை மாகாணத்தின் நாணயமானபோது, வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று மதிப்பிட்டனர். அக்கணக்கில் ஒரு ரூபாய்க்கு 960 காசு. 'காசு பெறாத காரியம்' என்னும் பேச்சின் பொருள் இப்போது விளங்கும்.

1803-இல் கும்பினியார் இந்தச் சில்லறையை இங்கிலாந்தில் பர்மிங்காமுக்கு அருகே, மாத்யூ போல்டனின் சோகோ அச்சகத்தில் அடித்துத் தருவித்தனர். இருபது காசு நாணயத்தில் ஆங்கிலத்தில் 'கேஷ்' என்றும், பாரசீக எழுத்தில், இருபது காஸ் நான்கு பலூசுக்குச் சமம் என்றும் பொறித்தனர். 1808 என ஆண்டு பொறித்த இத்தகைய காசுகளை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' என்னும் கப்பல், 1809 சனவரியில் இங்கிலாந்தின் கரையை அடுத்த குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980-களில் முக்குளிப்போர் அக்காசுகளைப் பெருந்தொகையாக வெளிக்கொணர்ந்தனர். சென்னைக் கடைத்தெருவைக் காணாத அந்தக் காசுகளை இன்று நாணயம் சேர்ப்போர் நல்ல விலை கொடுத்து வாங்குகின்றனர்!

இனி அண்டை வீட்டாரின் வழக்கு. பர்ரோ, எமனோ என்னும் இரு மொழியறிஞர் 1961-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் சொற்பிறப்பு அகராதி, தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகிய நான்கிலும் காசு உண்டு என்று காட்டுகிறது. எடைப்பெயராகிய 'கர்ஷம்' என்னும் வடசொல்லோடு அதைத் தொடர்புபடுத்துவோரும் உளர். ஆங்கில அகராதிகள் தமிழை முதன்மையாகக் குறித்தாலும், காசு ஒரு வீட்டார் மட்டும் உரிமை கொண்டாடும் பொருளன்று. கன்னடர் கூறுவதும் மெய்யே.

1833-இல் மைசூர் அச்சகம் பெங்களூருக்கு மாற்றப்பெற்றது; 1843-ஆம் ஆண்டோடு காசு அடித்தலும் நின்றது. யானை பொறித்த அக்காசு செல்லாக் காசாயிற்று. சொல் மட்டும் செல்லுபடியாகிறது: மைசூர்ச் சந்தையில் 'காசு இல்லை' என்று நீங்கள் சொன்னால், மொழிபெயர்க்க ஆள் தேவையில்லை.